வீட்டுல மொத ஆளா காலேஜ் போறவங்களுக்கு: 18 வயசைத் தாண்டுறதுக்கு ஒரு கைடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு ஒரே கிளாஸ்ல ஒரே மார்க் வாங்குன ரெண்டு பேர எடுத்துக்கோ. ஒருத்தனுக்கு அவங்க அப்பா நாலு பேருக்கு போன் போட்டா போதும், எந்த காலேஜ், எந்த குரூப், எவ்வளவு ஃபீஸ், எங்க தங்குறது எல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடிவாயிரும். இன்னொருத்தனுக்கு வீட்டுல போன் போடவே ஆள் கிடையாது, அப்பா கட்டட வேலைக்குப் போயிருப்பாரு, அம்மா நூறு நாள் வேலைக்கு, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன ஏஜென்ட் ஒருத்தன் வந்து "நம்ம காலேஜ்ல சேந்துரு, பஸ் ஃப்ரீ"ம்பான், அவ்வளவு தான் அவனுக்குத் தெரிஞ்ச உலகம். இத எழுதுறது அந்த ரெண்டாவது ஆளுக்காக. மொத ஆளுக்கு அவங்க அப்பாவோட போன் பண்ற வேலைய உனக்கு பேப்பர் தான் பண்ணும், அதனால இதுல பாதிக்கு மேல பேப்பர் கதையாத் தான் இருக்கும், சலிச்சுக்காம படி.

நான் மே, ஜூன் வந்தா எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குற ஆளு. அக்கானு வெச்சுக்கோ. தமிழ்நாட்டுல படிச்ச பிள்ளைங்களுக்கு மட்டும் தான் இது பொருந்தும், வேற ஸ்டேட்ல ரூல் வேற.

மொதல்ல பேரு

எல்லாத்துக்கும் அடி பத்தாவது மார்க் ஷீட். அதுல பேரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கோ அப்படியே ஆதார்லயும், பேங்க் பாஸ்புக்லயும், சாதிச் சான்றிதழ்லயும் இருக்கணும். நம்ம ஊர் பிரச்சனை இனிஷியல் தான். மார்க் ஷீட்ல கே.மாரிமுத்துனு இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா ஏறி மாரிமுத்து கருப்பசாமினு இருக்கும், பேங்க்ல வெறும் மாரிமுத்து, இந்த மூணு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஸ்காலர்ஷிப் காசு வருஷம் முழுக்க வராமலே கிடக்கும். பதினொண்ணாவது படிக்கும்போதே மூணையும் பக்கத்துல வெச்சுப் பாத்துரு. ஆதார்ல பேரை ரெண்டு தடவை தான் மாத்த விடுவாங்க, பிறந்த தேதிய ஒரே தடவை தான், அதனால அவசரத்துல எவனோ ஒரு கடையில உக்காந்து மாத்தாத, மார்க் ஷீட்ட கையில வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா சரி பாத்து மாத்து. 15 வயசுல கைரேகை, கண் புதுப்பிக்கணும், அத நிறைய பேரு பண்ணாமலே விட்டிருப்பாங்க, அதையும் கையோட முடிச்சிரு.

வடநாட்டு ஃபார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம் வரும். பேருக்குப் பின்னாடி சாதிய ஒட்டுற பழக்கத்த நம்ம ஊர்ல விட்டு ரெண்டு மூணு தலைமுறை ஆச்சு, அந்தக் கட்டத்துக்காக அத போய்த் தோண்டி எடுக்காத. இனிஷியல விரிச்சு அப்பா பேரையோ அம்மா பேரையோ எழுது, ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எழுது.

அடுத்தது போன் நம்பர். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நான் பாத்ததுல பாதிப் பிரச்சனை இங்க தான். ப்ரவுசிங் சென்டர்ல அப்ளிகேஷன் போடுவ, உன் கிட்ட போன் இல்லைனு கடைக்காரர் அவரோட நம்பரையும் அவரோட மெயில் ஐடியையும் போட்டு விட்டுருவாரு, கவுன்சிலிங் (மார்க் வரிசையில கவர்மென்ட் காலேஜ் சீட் ஒதுக்குறது) நேரத்துல ஓடிபி அவருக்குப் போகும், அவரு ஞாயித்துக்கிழமை கடைய சாத்திட்டு கல்யாணத்துக்குப் போயிருப்பாரு, எந்த காலேஜ் வேணும்னு நீ வரிசையா போட வேண்டிய சாய்ஸ் ஃபில்லிங் டைம் முடிஞ்சு போயிரும். வீட்டுல ஒரே போன் தான் இருக்குனாலும் பரவால்ல, அந்த நம்பரையே ஆதார்லயும் எல்லா அப்ளிகேஷன்லயும் குடு, மெயில் ஐடி நீயே தொறந்து பாஸ்வேர்ட ஒரு நோட்டுல எழுதி வை.

சர்டிபிகேட் வாங்குற வரிசை

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். நாலும் ஈ-சேவை மையத்துல அப்ளை பண்ணலாம், ஒண்ணுக்கு 60 ரூபா, அதுக்கு மேல கேட்டா ரசீது கேளு. அப்ளிகேஷன் விஏஓ கிட்ட போகும், அங்கருந்து ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அங்கருந்து தாசில்தார் ஆபீஸ். ரிசல்ட் வந்தப்புறம் போனா ஊரே அங்க தான் நிக்கும், அதனால பிப்ரவரி மார்ச்லயே போட்டுரு.

சாதிச் சான்றிதழ் யாரு குடுப்பாங்கங்கறதுலயே ஏற்றத்தாழ்வு இருக்குது பாரு. பிசி, எம்பிசி-ன்னா துணைத் தாசில்தார் லெவல்லயே முடிஞ்சிரும். எஸ்சி-ன்னா தாசில்தார். எஸ்டி-ன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) வரைக்கும் போகணும், விசாரணை வைப்பாங்க, "உங்க பழக்கவழக்கம் என்ன, குலதெய்வம் என்ன"ன்னு எல்லாம் கேப்பாங்க. இருளர், காட்டுநாயக்கன் பிள்ளைங்க நல்ல மார்க் வாங்கிட்டு இந்த ஒரு தாளுக்காக வருஷக்கணக்கா அலையுறது புதுசு இல்ல. நீ எஸ்டி-ன்னா ஒன்பதாவது பத்தாவதுலயே ஆரம்பிச்சிரு, சொந்தத்துல யாருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் கிடைச்சிருந்தா அதோட நகல், அவங்களுக்கும் உனக்கும் என்ன உறவுங்கறதுக்கு ஆதாரம் ரெண்டையும் சேத்துக் குடு.

இன்னொரு குழப்பம், எஸ்சி குடும்பமா இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறுனவங்க. ஊர்ல உன்ன நடத்துற விதம் கொஞ்சம் கூட மாறியிருக்காது, ஆனா பேப்பர்ல நீ பிசி. 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும் தான் எஸ்சி. நியாயமானு கேட்டா எனக்கு நியாயமாத் தெரியல, ஆனா நீ அப்ளிகேஷன்ல தப்பா டிக் பண்ணிட்டா சீட்டே போயிரும், அதனால கையில இருக்குற சான்றிதழ்ல என்ன போட்டிருக்கோ அதையே போடு. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் மட்டும் மாறுனவங்களுக்கும் தமிழ்நாட்டுல உண்டு, கேட்டு வாங்கு.

நம்ம ஸ்டேட்ல இடஒதுக்கீட்டுக் கணக்கு மொத்தம் 69 சதவீதம், பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி-டிஎன்சி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர்) 20, எஸ்சி 18 (அதுக்குள்ள அருந்ததியர் 3), எஸ்டி 1. சென்ட்ரல் காலேஜ்னா கணக்கு வேற, பிசி எம்பிசி எல்லாம் அங்க ஓபிசி, அதுக்குத் தனி சான்றிதழ், வருஷா வருஷம் புதுசு வாங்கணும். ஜேஇஇ, நீட், க்யூட் மாதிரி என்ட்ரன்ஸ் எழுதி சென்ட்ரல் ஓபிசி சீட்டுக்குப் போறவங்க நம்ம ஊர் சாதிச் சான்றிதழ மட்டும் கொண்டு போய் நின்னா திருப்பி அனுப்பிருவாங்க.

முதல் பட்டதாரி சான்றிதழ் பத்தி தனியா சொல்லணும். வீட்டுல தாத்தா பாட்டியில இருந்து கூடப் பொறந்தவங்க வரைக்கும் யாருமே டிகிரி முடிக்கலைனா தான் இது, குடும்பத்துல ஒருத்தருக்குத் தான் இந்த ஃபீஸ் சலுகை. கவுன்சிலிங் மூலமா சேந்தா தான் செல்லும், மேனேஜ்மென்ட் கோட்டாவுல (காலேஜே நேரா குடுக்குற சீட்) சேந்தா கிடையாது. ஏஜென்ட் இத சொல்லவே மாட்டான். அவன் "இப்பவே 10,000 கட்டி சீட்ட ரிசர்வ் பண்ணிக்கோ"ன்னு அப்பாவ பயமுறுத்துவான், அவரும் கடன வாங்கிக் கட்டிருவாரு, அதோட கவுன்சிலிங்ல கிடைக்க வேண்டிய சலுகை பூரா போச்சு.

ஃபீஸுக்கு எங்க போறது

ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா நீ தான் இந்த லிஸ்ட்ல பணக்காரன், நெஜமா சொல்றேன். மெடிக்கல்ல 2020-ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சு, 2021-ல இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, ஃபிஷரிஸ், சட்டம் எல்லாத்துக்கும் விரிச்சாங்க, அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம் மட்டும் இல்ல, ஹாஸ்டல் கட்டணமும் கவர்மென்டே கட்டிரும். இதுக்கு ஆறு டூ பன்னெண்டு படிச்சதுக்கு ஹெச்எம் கையெழுத்து போட்ட போனஃபைடு வேணும், நடுவுல ரெண்டு ஸ்கூல் மாறியிருந்தா ரெண்டுலயும் வாங்கணும். அப்படியே தமிழ் வழியில படிச்சதுக்கும் ஒண்ணு வாங்கிக்கோ. டிஎன்பிஎஸ்சி-ல தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ஒண்ணாவதுல இருந்து கேப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு தேடிப் போனா அந்த ஆரம்பப் பள்ளி இருக்குமோ மூடியிருக்குமோ.

இன்ஜினியரிங்குக்கு என்ட்ரன்ஸ் எல்லாம் கிடையாது, மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200-க்கு கட் ஆஃப். ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ்னா கவர்மென்ட் காலேஜ மொதல்ல பாரு, அப்ளிகேஷனுக்கு ஆகுற காசு ஒரு பிரியாணிய விடக் கம்மி. எந்த காலேஜா இருந்தாலும் ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி உள்ள பூட்டி வெச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லயே சொல்லியிருக்கு, சரி பாத்துட்டு திருப்பிக் குடுக்கணும். இத மரியாதையா, ஆனா வாய் விட்டு கேளு.

பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கும், அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கும் உண்டு. காலேஜ்ல யுஎம்ஐஎஸ் நம்பர் (காலேஜ் மாணவர்களுக்கான கவர்மென்ட் பதிவு நம்பர்) போட்டு அவங்களே பதியணும், நோடல் ஆபீசர்னு ஒரு சார் இருப்பாரு, செமஸ்டர் ஆரம்பிச்ச மொத மாசத்துலயே அவரப் புடிச்சிரு. காசு உன் பேருல இருக்குற, ஆதார் இணைச்ச அக்கவுண்டுக்குத் தான் வரும். மைனர் அக்கவுண்டா அப்பாவோட சேத்து தொறந்தது இருந்தா 18 முடிஞ்சதும் பேங்குக்குப் போய் கேஒய்சி குடுத்து உன் கையெழுத்துக்கு மாத்திரு. அந்த ஏடிஎம் கார்டு உன் கிட்ட இருக்கட்டும். அப்பா மேல சந்தேகம்னு எடுத்துக்காத, அது உன்னோட பஸ் பாஸும் நோட்டும் தான்.

எஜுகேஷன் லோன் கடைசி வழி, ஆனா பயப்பட வேண்டியது இல்ல. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக் கூடாது, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிச்சா போதும். ஊர் வட்டிக்காரன விட இது எவ்வளவோ மேல்.

இப்போ கையெழுத்துக்கு மதிப்பு வந்துருச்சு

18 ஆனா என்ன மாறும்னு கேட்டா பசங்க எல்லாம் ஓட்டு, லைசென்ஸ்னு சொல்லுவாங்க. ஓட்டு சரி, 1989-க்கு முன்னாடி 21 வயசு ஆகணும், இப்போ 17 முடிஞ்சதுமே ஃபார்ம் 6 போட்டு வெச்சிரலாம். ஆனா நம்ம மாதிரி வீடுகள்ல நெஜமா மாறுறது வேற, இன்னைக்கு வரைக்கும் உன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல, நாளைக்கு கோர்ட்டுல நிக்கும். அது தெரிஞ்ச ஆளுங்க உன்னத் தேடி வருவாங்க.

காலேஜ் வாசல்ல ஒருத்தன் வந்து உன் பேருல பேங்க் அக்கவுண்ட் தொறந்து குடு, 3,000 தரேன், 5,000 தரேன்பான். ஆன்லைன்ல யாரையோ ஏமாத்துன காச உன் அக்கவுண்ட்ல போட்டு எடுக்குறதுக்கு அது. போலீஸ் வரும்போது அவன் இருக்க மாட்டான், நீ மட்டும் தான் இருப்ப. சிம் கார்டும் அதே கதை. மாமாவோட வண்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து, அம்மா இருக்குற குழுவுல உன் பேருல இன்னொரு கடன், இதெல்லாம் அன்பா கேப்பாங்க. "எனக்கு இன்னும் சம்பளமே இல்லையே, பேங்க்ல ஏத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்லிரு, சண்டை இல்லாம முடிஞ்சிரும்.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு. 18 முடிஞ்ச கையோட சில வீட்டுல "ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வா, சும்மா ஒரு கையெழுத்து"ன்னு கூப்பிடுவாங்க. பல நேரம் அது விடுதலைப் பத்திரம், பூர்வீகச் சொத்துல உன் பங்க அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக் குடுக்குறது. பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துருச்சு, நாடு பூரா 2005-ல வந்துச்சு. விட்டுக் குடுக்குறதும் குடுக்காததும் உன் இஷ்டம், ஆனா என்னனு படிச்சுப் பாத்துட்டு போடு. படிக்க விடலைனா போடாத.

ஹாஸ்டல்ல மொத வாரம்

கவர்மென்ட் ஹாஸ்டல்னா ஆதிதிராவிடர் ஹாஸ்டல், பிற்படுத்தப்பட்டோர் ஹாஸ்டல்னு போர்டுலயே சாதி இருந்துச்சு, நீ எங்க தங்கியிருக்கனு சொன்னாலே நீ யாருனு தெரிஞ்சிரும். 2025 ஜூலையில எல்லாத்துக்கும் சமூகநீதி விடுதினு ஒரே பேரு வெச்சுட்டாங்க. பேரு மாறுனதால சாப்பாடும் பாத்ரூமும் மாறிருமானு கேக்காத, அது வேற போராட்டம். ஆனா ஃப்ரீயா தங்குறதுக்கும் சாப்பிடுறதுக்கும் இத விட்டா வேற இடம் இல்ல, வெளிய ரூம் எடுக்குற காசுல ஒரு செமஸ்டர் படிச்சிரலாம், அதனால கூச்சப்படாம அப்ளை பண்ணு. பிற்படுத்தப்பட்டோர் ஹாஸ்டல்ல வீட்டுல இருந்து 8 கிலோமீட்டர் தாண்டி இருக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, பொண்ணுங்களுக்கு அது கிடையாது.

அங்க போனதும் ஒரு கேள்வி வரும். நேரடியா வராது. "எந்த ஊரு?" "ஊர்ல எந்தத் தெரு?" "உங்க சாமி எது?" "அப்பா பேரு?" இப்படி சுத்திச் சுத்தி வந்து உன்னக் கண்டுபுடிக்கப் பாப்பாங்க. இதுக்கு ஒரு சரியான பதில்னு கிடையாது, யாரும் உனக்கு இத சொல்லித் தரவும் முடியாது, எங்க இருக்க, எதிர்ல யாரு, கூட யாரு இருக்காங்கறத வெச்சு நீ தான் முடிவு பண்ணனும். சில பேரு பட்டுனு சொல்லிருவாங்க, அதுக்கப்புறம் அவங்கள யாரும் அதே கேள்விய வெச்சு விளையாட முடியாது. சில பேரு மூணு வருஷமும் சொல்லவே மாட்டாங்க, அது கோழைத்தனம் இல்ல, அவங்களுக்கு அங்க நிம்மதியா படிக்கணும், அவ்வளவு தான். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, பொய்யா வேற சாதிப் பேரு சொல்லாத, அது ஒரு பொய்யோட நிக்காது, அடுத்த மூணு வருஷம் உன் ஊரு, உன் சொந்தம், உன் வீட்டுக் கல்யாணம் எல்லாத்தையும் மறைச்சுக்கிட்டே இருக்க வேண்டி வரும், வீட்டுல இருந்து அம்மா பாக்க வந்தா கூட உனக்கு பயமா இருக்கும். "அதெல்லாம் எதுக்கு ப்ரோ"ன்னு சிரிச்சுக்கிட்டே நகந்துரு.

திட்டுனாலோ, தட்டு டம்ளர் தனியா வெச்சாலோ, ஸ்காலர்ஷிப் பேர சொல்லி கிளாஸ்ல எந்திரிச்சு நிக்க வெச்சாலோ, தேதி, நேரம், யாரு இருந்தாங்கனு அன்னைக்கே எழுதி வை. வன்கொடுமைனா 14566-க்கு கூப்பிடலாம், ராகிங்னா 1800-180-5522. கம்ப்ளைன்ட் குடுக்குறதும் குடுக்காததும் பின்னாடி முடிவு பண்ணிக்கலாம், எழுதி வெச்சது கையில இருக்கணும்.

இங்கிலீஷ். கிளாஸ்ல மொத மாசம் ஒண்ணுமே புரியாது, பக்கத்துல இருக்குறவன் எல்லாம் தலையாட்டுவான். அவன்ல பாதிப் பேருக்கும் புரியல, அவனுக்கு தலையாட்டத் தெரியும், அது தான் வித்தியாசம். பிளஸ் டூ தமிழ் மீடியம் புக்கயும் இங்கிலீஷ் மீடியம் புக்கயும் பக்கத்துல வெச்சு பாடத்தோட வார்த்தைங்கள ஒரு நோட்டுல எழுது, ரெண்டு புக்கும் ஆன்லைன்ல ஃப்ரீ. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு காசு கட்டாத, எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல.

பசங்களுக்கு: கையில கயிறு

தெக்கத்தி மாவட்டங்கள்ல இருந்து வர்ற தம்பிங்களுக்கு இது தெரியும், கலர் கலரா கயிறு, எந்த கலர் எந்த ஆளுனு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பையன வீடு புகுந்து வெட்டுனாங்க, வெட்டுனவங்களும் ஸ்கூல் பசங்க தான். அதுக்கப்புறம் நீதிபதி சந்துரு குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, கயிறு கட்டக் கூடாதுன்னும் ஸ்கூல் பேர்ல சாதி இருக்கக் கூடாதுன்னும் அதுல சொல்லியிருக்கு.

நம்ம ஊர்ல பையன் பெரியவன் ஆயிட்டான்னு சொல்றதுக்கு பொண்ணுக்கு மாதிரி ஒரு சடங்கு கிடையாது. சம்பாதிச்சுக் காட்டணும், அதுக்கு வேலை இல்ல, அப்போ இன்னொரு வழியா ஊர்ல ஒரு அண்ணன் வந்து பைக்க குடுத்து, தோள்ல கை போட்டு, குருபூஜைக்கு கூட்டிட்டுப் போயி "நம்ம பையன்டா"ன்னு சொல்றாரு, அந்த ஒரு வார்த்தைக்கு தான் பசங்க போறாங்க, எனக்கு அது புரியுது. ஆனா அந்த அண்ணனோட சொந்தப் பையன் எங்க படிக்கிறான்னு மட்டும் விசாரிச்சுப் பாரு. கேஸ்னு வந்தா 18-க்கு முன்னாடி ஜுவனைல் போர்டு, அதுவும் 16-க்கு மேல கொடூரமான குற்றம்னா பெரியவங்கள மாதிரியே விசாரிக்கலாம்னு 2015 சட்டத்துல இருக்கு. 18 தாண்டிட்டா பேச்சே இல்ல. போலீஸ் வேலைக்கு கனவு காணுற பசங்க நம்ம பக்கம் ஜாஸ்தி, அவங்களுக்கு சொல்றேன், சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனா கூட அந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. அடிதடி நடந்த இடத்துல சும்மா நின்னாலே எஃப்ஐஆர்ல பேரு வந்துரும், அதனால கூட்டமா கிளம்பும்போது உனக்கு வயித்து வலி.

பொண்ணுங்களுக்கு: மாப்பிள்ளை பாக்குறாங்க

12, 13 வயசுல சடங்குக்குப் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வந்து, மொய் எழுதி ஊருக்கே சொல்லியாச்சு. அன்னைல இருந்து சைக்கிள எடுக்காத, வாசல்ல நிக்காத. ஆனா காலேஜ்ல எந்த குரூப் எடுக்கறதுனு கேட்டா "நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும்"பாங்க. ரெண்டும் ஒரே வீட்டுல தான்.

18-க்கு முன்னாடி கல்யாணம்னா சட்டப்படி குத்தம், 1098-க்கு (குழந்தைகள் ஹெல்ப்லைன்) நீயோ உன் ஃப்ரெண்டோ கூப்பிடலாம், பேர வெளிய சொல்ல மாட்டாங்க. அப்படி ஏற்கெனவே பண்ணி வெச்சிருந்தா 18 முடிஞ்சு 2 வருஷத்துக்குள்ள கோர்ட்டுல ரத்து பண்ணச் சொல்லலாம். 18-க்கு மேலன்னா சட்டம் உனக்காக சண்டை போடாது, நீ தான் தள்ளிப் போடணும். பாத்ததுல வேலை செய்யுற வழி, "கல்யாணமே வேணாம்"னு சொல்லாம தேதியோட பேசுறது. "டிகிரி 2028 ஏப்ரல்ல முடியுது, அதுக்கப்புறம் பேசலாம், நடுவுல நிறுத்துனா மாசம் ஆயிரம் நின்னுரும், முதல் பட்டதாரி சலுகையும் போயிரும்"னு கணக்கா சொல்லு. அப்பாமார்களுக்கு கனவ விட கணக்கு சீக்கிரம் புரியும். சித்தி, டீச்சர், சர்ச் சிஸ்டர், அங்கன்வாடி அக்கா, வீட்டுல பேச்சு எடுபடுற ஒரு பொம்பளைய முன்னாடியே உன் பக்கம் சேத்து வை.

இதுல ஒண்ணு சொல்லணும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல கவர்மென்ட் ஒரு திட்டம் ஆரம்பிச்சுச்சு, ஏழைப் பொண்ணு கல்யாணத்துக்கு காசு, பின்னாடி தாலிக்குத் தங்கமும் சேத்துக் குடுத்தாங்க. தேவதாசி முறைய எதிர்த்து போராடுன அம்மா பேர்ல கல்யாண உதவி. அந்தத் திட்டத்தத் தான் 2022-ல அப்படியே மாத்தி புதுமைப் பெண் ஆக்குனாங்க, தாலிக்குப் போன காசு இப்போ காலேஜுக்கு வருது. தங்கம் போச்சேன்னு எங்க தெருவுல இன்னும் வருத்தப்படுறாங்க, அந்த வருத்தமும் சும்மா இல்ல, நகை இல்லாம பொண்ணு எடுக்குற வீடு எத்தனை இருக்கு சொல்லு. அதே காரணத்துக்குத் தான் மில்லுல மூணு வருஷம் வேலை பாரு, கடைசியில கல்யாணத்துக்கு மொத்தமா தரோம்னு சுமங்கலித் திட்டம்னு கூட்டிட்டுப் போனாங்க, பாதியில உடம்பு முடியாம திரும்பி வந்தா அந்த மொத்தம் கிடைக்காது. இப்பவும் வேற வேற பேர்ல வருவாங்க. மாசச் சம்பளம் உன் அக்கவுண்டுக்கு வரலைனா அந்த வேனுல ஏறாத.

வேற சாதியில ஒருத்தர விரும்பினா, ரெண்டு பேருக்கும் கல்யாண வயசு ஆயிருந்தா (பொண்ணு 18, பையன் 21) குடும்பத்தோட சம்மதம் தேவையே இல்லைனு சுப்ரீம் கோர்ட் 2018-ல சக்தி வாஹினி வழக்குல தெளிவா சொல்லியிருக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்துல போனா 30 நாள் நோட்டீஸ் ஆபீஸ்ல ஒட்டுவாங்க, அந்த 30 நாள் தான் ஆபத்து. தமிழ்நாட்டுல ரெண்டு பேரும் இந்துன்னா 1967-ல வந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இருக்கு, அதுக்கு நோட்டீஸ் கிடையாது. எதுவா இருந்தாலும் படிப்ப முடிச்சு, கையில வேலையோட போ. காதலுக்கு நான் எதிரி இல்ல, கையில காசு இல்லாம ஓடிப் போனவங்கள ஒரே வாரத்துல தூக்கிட்டு வந்தத எங்க பக்கம் எல்லாரும் பாத்திருக்கோம்.

திருநங்கை, திருநம்பி தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு, 2019 சட்டப்படி கலெக்டர் கிட்ட அடையாளச் சான்றிதழ் ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். வீட்டுல இருந்து வெளிய வர்ற நிலைமை வந்தா மொதல்ல எடுக்க வேண்டியது துணி இல்ல, பத்தாவது மார்க் ஷீட்டும் ஆதாரும்.

மொத சம்பளம்

வேலைக்குப் போனதும் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பணும்? உன் கூட வேலை பாக்குறவன் சம்பளத்துல ஷூ வாங்குவான், நீ தங்கச்சி ஃபீஸ் கட்டுவ. அவனுக்கு அவங்க வீடு இன்னும் குடுத்துக்கிட்டு இருக்கு, நீ உங்க வீட்டுக்கு குடுக்குற. இத நெனச்சு எரிச்சல் வரும், வரட்டும், அதுக்காக உன்ன நீயே கெட்ட பிள்ளைனு நெனச்சுக்காத. மொத மாசமே முழுச் சம்பளத்த அம்மா கையில குடுக்குறது பாக்க அழகா இருக்கும், ஆனா அப்படி ஆரம்பிச்சா அதுவே கணக்கு ஆயிரும், மூணாவது மாசம் நீ பஸ்ஸுக்கு காசு கேக்கும்போது "எங்க போச்சு"ம்பாங்க. மொத மாசத்துலயே ஒரு தொகை சொல்லிரு, மாசா மாசம் அதே தேதிக்கு அதே தொகை. அண்ணன் கல்யாணம், பாட்டி ஆஸ்பத்திரினு வர்றதுக்கு தனியா கொஞ்சம் ஆர்டி (பேங்க்ல மாசா மாசம் சேக்குற கணக்கு) போட்டு வை, ஏன்னா அது வரும்.

சென்னையிலயோ ஓசூர்லயோ ரூம் தேடும்போது "வெஜிடேரியன் ஒன்லி"ன்னு போர்டு பாப்ப, முஸ்லிம் பேர கேட்டதும் "இப்போ தான் வேற ஆளுக்கு முடிஞ்சுருச்சு"ம்பாங்க. ஏற்கெனவே தங்கியிருக்குற சீனியர் மூலமா போறது தான் நடக்குது. பொண்ணுங்க கவர்மென்ட் தோழி விடுதிய மொதல்ல பாருங்க, எல்லா ஊர்லயும் இல்ல, ஆனா சென்னை, திருச்சி, வேலூர் பக்கம் எல்லாம் இருக்கு.

கம்பெனியில சேரும்போது ஆஃபர் லெட்டர்ல யாரு பேரு இருக்குனு பாரு, கம்பெனியா, இல்ல கான்ட்ராக்ட் ஏஜென்சியா. அப்ரென்டிஸ்னு எடுத்திருந்தா வர்றது சம்பளம் இல்ல, ஸ்டைபன்ட், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) இருக்காது. சம்பளத்துல பிஎஃப் 12 சதவீதம் புடிக்கிறாங்கன்னா யுஏஎன் (உன் பிஎஃப்-க்கான நிரந்தர நம்பர்) கேட்டு வாங்கி நீயே உமாங் ஆப்ல போட்டு மாசா மாசம் ஏறுதானு பாரு, புடிச்சிட்டு கட்டாம இருக்குற ஏஜென்சி உண்டு. 21,000 ரூபாக்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ-யும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருக்கணும், அந்த கார்டுல அப்பா அம்மா பேர சேத்து விட்டா அவங்க வைத்தியமும் அதுலயே பாக்கலாம். கம்பெனி மாறும்போது புது யுஏஎன் போட விடாத, பழைய நம்பரையே குடு.